தம்பி, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ

2003 ஆவணியில் ஓர் இரவு, ஐந்து லீற்றர் கான் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு திருகோணமலையிலிருந்து கொழும்பு பஸ்ஸில் ஏறினேன். கானுக்குள் இருந்தது என் சின்னம்மாவின் ஒருநாள் சலம். காலையில் முதல் போவதை ஊற்றிவிட்டு, அதற்குப் பிறகு மறுநாள் காலைவரை போனது முழுவதும். பழுதாகாமல் இருக்க அடியில் கொஞ்சம் அமிலம் விட்டுத் தந்திருந்தார்கள். மூடியை இறுக்கி, மேலே ஷொப்பிங் பையைச் சுற்றி, றப்பர் போட்டுக் கட்டியிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் காட்டுத் தேனோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

ஹபரணைக்கு முன்னால் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். போர்நிறுத்தம் வந்து ஒன்றரை வருஷம். முன்னைய கெடுபிடி இல்லை. ஆனாலும் திருகோணமலைத் தமிழ்ப் பொடியன் ஒருவன், அமிலம் மணக்கும் கானோடு நடுச்சாமத்தில் நின்றால் ஆமிக்காரனுக்கு என்ன தோன்றும்? "மேக்க மொகக்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான், அது விளங்கியது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஆஸ்பத்திரிச் சொல் ஒன்றுதான் இருந்தது. "முத்ரா" என்றேன். அவன் நம்பவில்லை. மூடியைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்த்தான். அதற்குப் பிறகு நம்பினான். பின்னால் நின்றவனிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். தேனென்று கேட்ட மனிதர் கொழும்புவரை என்னோடு கதைக்கவில்லை.

விடியப்புறம் ஆய்வுகூடத்தில் கானை வாங்கியவர், "இவ்வளவத்தையும் ஏன் காவிக்கொண்டு வந்தனீங்கள்? மொத்த அளவை எழுதிப்போட்டு ஒரு சின்னப் போத்திலில கொண்டுவந்தாக் காணுமே" என்றார்.

சாம்பல்தீவு பெயரில்தான் தீவு. பட்டினத்திலிருந்து நிலாவெளி றோட்டால் உப்புவெளியைத் தாண்டிப் போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் எங்கள் ஊர். சாம்பல் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சின்னம்மாவின் வீடு களப்புப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் கிணறு, அதற்கும் பின்னால் பனங்கூடல், கூடலின் ஓரத்தில் கிடுகு மறைப்புக் கட்டிய கக்கூசு. இந்த வரிசையை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எட்டு மணிக்குப் பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. லாம்பைக் கொளுத்திக்கொண்டு போனால் சென்ரியில் இருப்பவன் சுடுவான் என்று பயம். கொளுத்தாமல் போனால் பாம்பு. ஆம்பிளைகள் திண்ணையிலிருந்து இறங்கி வேலியோரம் நின்று அலுவலை முடித்துவிடுவார்கள். பெண்கள் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பார்கள். சின்னம்மா அப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் கிடந்தவ.

1998 அளவில்தான் வருத்தம் தொடங்கியது. விடியக் காலமை கக்கூசுக்குப் போய்த் திரும்பும்போது கிணத்தடியில் நின்று தலையைப் பிடிப்பா. முகம் வெள்ளைத்தாள் மாதிரி வெளிறும். சட்டை பிழிய வேர்வை. நெஞ்சு அடிக்கிற அடி பக்கத்தில் நின்றால் கழுத்தில் தெரியும். பத்து நிமிஷம், கூடினால் கால் மணித்தியாலம். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பி அடுப்பை மூட்டுவா. இரண்டுமுறை கிணத்தடியிலேயே மயங்கி விழுந்து கிடந்தா.

பனங்கூடலில் ஏதோ பிடித்துவிட்டது என்றார்கள். அதில் ஒரு நியாயம் இருந்தது, இப்போதும் சொல்வேன்: வருத்தம் அந்த இடத்தில்தான் வந்தது, அங்கே போய்வந்த கையோடுதான் வந்தது. இடத்தையும் நேரத்தையும் ஊர் சரியாகவே கண்டுபிடித்திருந்தது. பழியை மட்டும் பனைமரத்தில் போட்டுவிட்டது. பார்வை பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கையில் நூல் கட்டினார்கள். சல்லி முத்துமாரியம்மனுக்குப் பொங்கல் நேர்த்தி வைத்தோம். கக்கூசை வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிக் கட்டினோம். வருத்தமும் மறுபக்கத்துக்கு வந்தது.

பட்டினத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். வாங்கிலில் ஒரு மணித்தியாலம் இருந்து களைப்பாறிய பிறகு பிரஷர் பார்த்தால் கொஞ்சம்தான் கூட இருக்கும். டொக்டர் குடும்ப விவரம் கேட்டார். சித்தப்பா 1990-இல் காணாமற்போனவர் என்று சொன்னேன். அதோடு அவருக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. "பயம்தான். மனசை அமைதியா வைச்சிருங்கோ" என்று படபடப்புக்கு ஒரு குளிசை, நித்திரைக்கு ஒரு குளிசை எழுதினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் நெஞ்சு படபடக்காத மனிதர் யார்? முழு ஊரும் நடுங்கும் இடத்தில், ஒருத்தியின் நடுக்கம் வேறு காரணத்தால் வருகிறது என்று எப்படிப் பிடிப்பது?

படபடப்புக் குளிசையைப் போடத் தொடங்கியபின் வருத்தம் இன்னும் மோசமாகியது. எங்களுக்கு அது விளங்கவில்லை. மருந்து ஏறவில்லையாக்கும் என்று நினைத்து ஒருநாளும் தவறாமல் போட வைத்தேன். வைத்தவன் நான்தான்.

2000-த்திலிருந்து கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போவது என் வேலையானது. சின்னம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டும் சின்னன். நான் பெறாமகன், ஏ. எல். எழுதிவிட்டு வீட்டில் இருந்தவன். ஒவ்வொரு டொக்டரின் முன்னாலும் சின்னம்மாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, அவ வாய் திறக்க முன் நான் ஒப்புவிப்பேன்: தலையிடி, படபடப்பு, வேர்வை, மயக்கம். எவ்வளவு நாளாக, எந்தக் குளிசை, எத்தனை வேளை, எல்லாம் பாடம். டொக்டர்மார் என்னைப் பார்த்தே கதைத்தார்கள். கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

2003 வைகாசியில் வேறு ஒரு கிளினிக்கில் புதிதாக ஒரு லேடி டொக்டர் வந்திருந்தா. இருபத்தேழு, இருபத்தெட்டு வயசு இருக்கும். நான் வழமைபோல ஒப்புவித்து முடித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "தம்பி, கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றா. எனக்குச் சரியான கோபம். வெளியே வாங்கிலில் இருந்து கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணித்தியாலம் கழித்து மிஸ் ஒருவ பிரஷர் பார்க்கும் பெட்டியோடு சின்னம்மாவைக் கக்கூசுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனா. இதென்ன கூத்து என்று நினைத்தேன்.

போக முன் 140-க்கு 90. போய்வந்து கதிரையில் இருந்த கையோடு 220-க்கு 130. தலையைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து ஒழுக, என் சின்னம்மா முதல்முறையாக ஒரு டொக்டரின் கண்முன்னால் வருத்தப்பட்டா.

உள்ளே என்ன கேட்டா என்று பிறகு தெரிந்தது. "அன்ரி, இது எப்ப வாறது?" என்று கேட்டிருக்கிறா. சின்னம்மா பேசாமல் இருந்திருக்கிறா. "ஒண்டுக்குப் போக முன்னமோ, போனாப் பிறகோ?" போன பிறகு. எத்தனை நேரத்துக்கு அடக்கினால் கூடுதலாக வருகிறது, சலத்தில் எப்போதாவது இரத்தம் கண்டதா என்றும் கேட்டிருக்கிறா. கண்டதுதான், மூன்று நாலு தடவை. மாதவிலக்கு நிற்கிற வயசு, அந்தக் குழப்பம் என்று தனக்குள் வைத்திருந்திருக்கிறா. ஐந்து வருஷம்! வருஷங்கள் கழிந்து ஒருநாள், "ஏன் சின்னம்மா ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல?" என்று கேட்டேன். "நீ பக்கத்தில இருக்கேக்க அதை எப்பிடியடா சொல்லுறது?" என்றா. தான் தூக்கி வளர்த்த பெடியன் என்பதையும் சேர்த்துச் சொன்னா.

ஸ்கானுக்குத் தண்ணீர் குடித்து, சலத்தை அடக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள். அதில் அவவுக்குப் பயிற்சி தேவையில்லை. சலப்பையின் சுவரில் ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு. கட்டி என்ற சொல்லோடு வீட்டில் எல்லோரும் கான்சர் என்று முடிவுகட்டி அழத் தொடங்கினார்கள். அந்தப் பயம் காரணமில்லாததல்ல. சலப்பையில் வரும் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உட்தோலிலிருந்து வருபவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கான்சர்தான், புகைபிடிப்பவர்களுக்குக் கூடுதலாக வருவது. மிச்சம் இருக்கும் கொஞ்சத்தில் தசையிலிருந்து, இரத்தக் குழாயிலிருந்து, நரம்போடு சேர்ந்த கலங்களிலிருந்து முளைப்பவை இருக்கின்றன. அவற்றில் பல பரவாதவை. சின்னம்மாவுடையது கடைசி வகை. சலப்பைக் கட்டி ஆயிரத்தில் ஒன்றுகூட இப்படி இருக்காது.

லேடி டொக்டர் ஒரு கடதாசியில் படம் கீறி விளங்கப்படுத்தினா. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி ஒரு சுரப்பி உண்டு. நாயைக் கண்டால், ஷெல் சத்தம் கேட்டால் நெஞ்சை அடிக்கவைக்கும் சாமானைச் சுரப்பது அது. கருவில் உடம்பு உருவாகும்போது அதே இனத்துக் கலங்கள் சில வழிதவறி வேறு இடங்களில் தங்கிவிடும். சலப்பைச் சுவரும் அப்படி ஓர் இடம். அங்கே அவை கட்டியாக வளர்ந்தால், சலப்பை நிரம்பி விரியும்போதும், பிறகு சுருங்கும்போதும் கட்டி பிழிபட்டு, நொரட்ரினலின் இரத்தத்தில் கொட்டும். இரவு முழுக்க அடக்கி விடியப்புறம் போனால் கூடுதலாகப் பிழிபடும். அதுதான் கிணத்தடி.

ஆக, பயம் என்று சொன்ன முதல் டொக்டர் முழுப்பிழை சொல்லவில்லை. உடம்பில் ஓடியது பயத்தின் சாமான்தான். அது மனசிலிருந்து வரவில்லை, சலப்பையிலிருந்து வந்தது. அவர் தந்த படபடப்புக் குளிசை ஏன் கெடுதல் செய்தது என்பதும் அன்றுதான் விளங்கியது. இரத்தக் குழாய்களின் இறுக்கத்தை முதலில் வேறு மருந்தால் தளர்த்தாமல், நெஞ்சடிப்பை மட்டும் கட்டுப்படுத்தும் அந்த வகைக் குளிசையைக் கொடுத்தால் குழாய்கள் இன்னும் இறுகி, பிரஷர் எகிறும். நான் ஒருநாளும் தவறாமல் போடவைத்தது அதை.

இந்த வகைக் கட்டி சலப்பையில் வருவதை முதலில் விவரித்து எழுதியவர்கள் சிமர்மன் என்ற அமெரிக்க டொக்டரும் அவருடைய இரண்டு சகாக்களும், 1953-இல். கட்டிக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மன்காரரான பிக், 1912-இல்: ஃபியோகுரோமோசைட்டோமா. கிரேக்கத்தில் 'ஃபயோஸ்' என்றால் மங்கிய சாம்பல் நிறம். ஒருவகை உப்பில் தோய்த்தால் அந்தக் கலங்கள் கருமைபடுவதால் வைத்த பெயராம். சாம்பல்தீவுக்காரிக்குச் சாம்பல் நிறக் கட்டி. இதைச் சின்னம்மாவிடம் சொன்னபோது, "ஊர்ப் பேரில வந்தபடியாத்தான் ஊரோட இருந்திட்டுது" என்றா. சலப்பையில் வருவதை இப்போது பராகங்ளியோமா என்கிறார்கள். ஆள் ஒன்றுதான், பெயர் இரண்டு.

கானின் முடிவு வந்தது. அந்தச் சாமானின் கழிவு இருக்கவேண்டியதைவிடப் பலமடங்கு. சலம் சேர்க்க முன் மூன்று நாள் வாழைப்பழம், தேயிலை, கோப்பி, சொக்லேற், வனிலா கூடாது என்று துண்டில் எழுதித் தந்திருந்தார்கள். "வனிலாவை நான் எங்க கண்டன்" என்று சின்னம்மா சிரித்தது நினைவிருக்கிறது. தேயிலையை விட்டதுதான் கஷ்டம்.

ஐப்பசியில் கொழும்புப் பெரியாஸ்பத்திரி. இங்கே ஒரு சங்கதி சொல்லவேண்டும். சாதாரணமாகச் சலப்பையில் கட்டி என்றால் குழாய்க் கமராவை உள்ளே விட்டுப் பார்த்து, ஒரு துண்டு வெட்டிச் சோதிப்பார்கள். சின்னம்மாவுக்குக் கமராவை விட்டுப் பார்த்தார்கள். மேலே நல்ல தோல் மூடி, உள்ளே உருண்டையாகத் தள்ளிக்கொண்டு நின்றதாம். ஆனால் துண்டு வெட்டவில்லை. முன்னாயத்தம் இல்லாமல் அதைத் தொட்டாலே பிரஷர் மூளையை உடைக்கும் அளவுக்கு ஏறலாம். அது என்னவென்று தெரியாமல், வழமையான கட்டியென்று நினைத்துச் சுரண்டப் போய் ஒப்பரேசன் மேசையில் ஆபத்துக்குள்ளானவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சின்னம்மாவைக் காப்பாற்றியது வைகாசி மாதத்துக் கேள்விதான்.

வெட்டமுன் இரண்டு கிழமைக்கு மேல் பிரசோசின் என்ற குளிசை, மெல்ல மெல்லக் கூட்டி. முதல் குளிசை போட்டு எழும்பியபோது தலைசுற்றிக் கட்டிலில் விழுந்தா. இத்தனை வருஷமாகப் பிரஷர் என்று உப்பைக் குறைத்து, கக்கூசுக்குப் போகும் பயத்தில் தண்ணீரையும் குறைத்து வாழ்ந்த மனுசிக்கு இப்போது, "உப்புப் போட்டுச் சாப்பிடுங்கோ, நல்லாத் தண்ணி குடியுங்கோ" என்று சொன்னார்கள். இறுகிக் கிடந்த குழாய்கள் தளரும்போது அவற்றை நிரப்ப இரத்தத்தில் நீர் வேண்டும். சின்னம்மா நம்பவில்லை. அதைத் திருப்பிச் சொன்ன நான்தான் பிழைவிடுகிறேன் என்று நினைத்தா.

பக்கத்துக் கட்டிலில் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண் ஒருத்தி. அவவுக்கும் சலப்பையில் கட்டி. ஆனால் தசையில் வந்தது. கர்ப்பப்பையில் பெண்களுக்கு வரும் தசைக்கட்டி எல்லோருக்கும் தெரியும், அதே சாதிதான். சலப்பைக் கட்டி இருநூறில் ஒன்றுகூட இராது என்றாலும், உட்தோலிலிருந்து வராத, கெடுதல் இல்லாதவற்றில் இதுதான் அடிக்கடி காண்பது. அது சலம் போகும் வாசலில் நின்று அடைத்தபடியால் போகமுடியாமல் வந்திருந்தா. அவவுக்கு எம். ஆர். ஐ. படத்திலேயே அநேகமாகத் தெரிந்துவிட்டது. ஒரு துண்டு எடுத்து உறுதிசெய்து, உள்வழியாகவே சுரண்டி எடுத்து நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அது பெரிதாக இருந்தால், அல்லது வெளிப்பக்கம் வளர்ந்தால் வயிற்றைத் திறந்து தோண்டி எடுப்பார்களாம். இரண்டு பேருக்கும் பொதுமொழி கிடையாது. கையில் ஆளுக்கொரு சலப்பை, பிளாஸ்ரிக்கில். யாருடையது கூட நிரம்பியிருக்கிறது என்று விரலால் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். போகும்போது அந்தப் பெண் ஒரு பை கொக்கிஸ் தந்துவிட்டுப் போனா.

சின்னம்மாவுக்கு வயிற்றைத் திறந்து, கட்டியைச் சுற்றிச் சலப்பைச் சுவரிலும் ஓரமாகக் கொஞ்சம் சேர்த்து வெட்டி, மிச்சத்தைத் தைத்தார்கள். மூன்று மணித்தியாலம். மயக்க மருந்து டொக்டர் வெளியே வந்து முதலில் சொன்னது கட்டியைப் பற்றியல்ல. கை பட்ட நேரம் 240-க்குப் போனதாம். கட்டிக்குப் போகும் குழாய்களைக் கட்டிய மறுநிமிஷம் மளமளவென்று இறங்கியதாம். அந்த இறக்கத்துக்குத்தான் தான் கூடப் பயந்ததாகச் சொன்னார். பத்து நாள் குழாயோடு கிடந்தா. குழாயை எடுத்த நாள் காலையில் மிஸ் கையைப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போனா. நான் வார்ட்டுக்கு வெளியே நின்றேன். திரும்பி வந்து, "ஒண்டும் வரேல்ல" என்றா. அழுதா. ஐந்து வருஷத்தில் முதல்தடவை தலையிடி இல்லாமல் போய்வந்திருக்கிறா.

வெட்டியெடுத்த கட்டியைச் சோதித்த றிப்போட்டை வாங்கப் போனபோது, "இது நல்ல கட்டிதானே டொக்டர்?" என்று கேட்டேன். எங்களுக்குத் தெரிந்தது இரண்டே வகை: நல்லது, கெட்டது. அவர் கொஞ்சம் யோசித்தார். "இப்ப நல்லது" என்றார். இந்தக் கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்த்து இது பரவும், இது பரவாது என்று நிச்சயமாகச் சொல்லமுடியாது. பத்து வருஷம் கழித்தும் வேறிடத்தில் தலைகாட்டியது உண்டு. ஆகவே வருஷாவருஷம் பிரஷரும் சலமும் பார்க்கவேண்டும் என்றார். எனக்கு அது மழுப்பல் போல இருந்தது. பிறகு 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலேயே இந்தக் கட்டிக்கு நல்லது, கெட்டது என்ற பிரிவை எடுத்துவிட்டார்கள். எல்லாமே பரவக்கூடியவை என்று வைத்துக் கவனிக்கச் சொல்கிறார்கள். அந்த டொக்டர் பதினாலு வருஷம் முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறார். குருநாகல் பெண்ணுடைய தசைக்கட்டியோ முழுக்க எடுத்தால் முடிந்த கதை. நல்ல கட்டி என்று ஒரே பெயரைச் சொல்லி இரண்டையும் ஒரு கட்டிலில் படுக்கவைக்கக்கூடாது.

கிளினிக் கொப்பி, ஸ்கான் படங்கள், அந்த றிப்போட் எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டுச் சின்னம்மா அலுமாரிக்கு மேல் வைத்திருந்தா. 2004 மார்கழி 26, போயா நாள் காலை, கடல் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு களப்புப் பக்கத்து மேட்டுக்கு ஓடினோம். உயிர்கள் மிஞ்சின. ரின் போய்விட்டது. தை மாதம் கொழும்புக்குப் போய்ப் பழைய பதிவிலிருந்து அந்த றிப்போட்டின் பிரதி ஒன்று எடுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. இப்போது அதில் நாலு பிரதி இருக்கிறது; ஒன்று கனடாவில் அவவின் மகளிடம்.

மகளுக்கு அது தேவைப்பட்டது. இந்தக் கட்டி சில குடும்பங்களில் மரபணு வழியாக வருவது, எஸ். டி. எச். பி. என்ற மரபணுவில் பழுதிருந்தால் பரவும் ஆபத்தும் கூட. சலப்பையில் வருபவர்களில் அந்தப் பழுது உள்ளவர்கள் குறைவில்லை. அங்கே சோதித்துப் பார்த்தாள், இல்லை. மகன் ஊரில்தான் இருக்கிறான், வருஷத்தில் ஒருமுறை பிரஷர் பார்க்கிறான்.

சின்னம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கக்கூசு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, லைற் போட்டால் யாரும் சுடுவதில்லை. கிளினிக் நாளில் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். நம்பர் கூப்பிட்டதும் எழும்பி, என் பக்கம் திரும்பாமலே கையால் வாங்கிலைக் காட்டிவிட்டு உள்ளே போவா. போன முறை 130-க்கு 80.

அம்மாவையோ மாமியையோ கிளினிக்குக் கூட்டிப்போகும் தம்பிமாருக்கு ஒன்று. ஒண்டுக்குப் போய்வந்த கையோடு தலையிடியும் படபடப்பும் வேர்வையும் வந்தால் அந்த நேரத்தை டொக்டரிடம் சொல்லவேண்டும். அதை அவர்களே சொல்வார்கள். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு வெளியில் இருங்கள்.